துருப்பிடித்த எட்டு வேகன்கள்

முழங்காலுக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். நம் வயதில் வேறென்ன தேடுவோம். காலை நீட்டு, மடக்கு என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். என் விரல் எங்கேயோ பட்டு அவள் போய்விட்டாள். அவள் இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் விரல் நீளத்துக்கு ஒரு கூட்ஸ் வேகன். மெல்லிய தூரிகையால் அதன்மேல் துரு வைத்துக்கொண்டிருந்தார். துருவைச் சுரண்டி எடுக்கவில்லை, வைத்துக்கொண்டிருந்தார். ஆகா ஓகோ என்று ஊர்ப்பட்ட பேர் கீழே பாராட்டியிருந்தார்கள். இதற்கு வெதரிங் என்று பெயராம். கற்றுக்கொடுக்க வகுப்பெல்லாம் இருக்கிறதாம்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது எனக்குத் தெரியவில்லை. என்னோடு படித்தவர்களே, என் வயதுக்காரிகளே, உங்களில் யாருக்காவது எங்கள் வீடு ஞாபகம் இருக்கிறதா? தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்னால், வண்டி ஓடாமல் கிடந்த பழைய ஹார்பர் தண்டவாளத்தை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டுக்குள் ஒருவன் இதே வேலையை எந்த வகுப்புக்கும் போகாமல் செய்துகொண்டிருந்தான். அவன் என் அண்ணன். அவனுக்குப் பதினேழு, எனக்குப் பத்து. ஆகஸ்டில் மாதா திருவிழா முடிந்து சப்பரத்தைக் கொட்டகையில் விட்டதிலிருந்து கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிறவரைக்கும் உள்ள கதை இது. அதற்கு அப்புறம் கதை இல்லை.

அண்ணனுக்கு இருதயத்தில் வால்வு கோளாறு. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததாம், அது அப்படியே நெஞ்சில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஓடக்கூடாது, தூக்கக்கூடாது, மாடிப்படி கூடாது. அப்பா தோணியில் போகிறவர், தாத்தாவும் தோணி, எங்கள் தெருவில் ஆண்பிள்ளை என்றால் கப்பல் அல்லது தோணி. இவன் மட்டும் வாசலிலிருந்து அடுப்பு இருக்கும் குசினிக்கு நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். அப்பா அவன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். கோபம் என்று அப்போது நினைத்தேன். பயம் என்று இப்போது தெரிகிறது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துறைமுகத்தில், உட்கார்ந்தே விளையாடுகிற சாமான் ஏதாவது கொடு என்று கேட்டு மூன்று பெட்டி வாங்கி வந்தார். அட்டைப் பெட்டியின் மேல் அழகான கூட்ஸ் வேகன் படம். திறந்தால் வேகன் இல்லை. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டம், அதில் தொற்றிக்கொண்டு கதவு, சக்கரம், கொக்கி, ஏணி என்று துண்டு துண்டாக இருந்தது.

"ஒடைஞ்சதக் குடுத்து ஒன்ன ஏமாத்திட்டான்லே" என்றாள் அம்மா. "படிச்சவன்னா இப்பிடி நடக்குமா?"

"நான் என்னத்தக் கண்டேங்க்கா? பெட்டியில படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மாமா, பாவம்.

அண்ணன்தான் உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் படித்தான். ஒட்டிச் செய்யவேண்டியது என்று அவனுக்குப் புரிந்தது. அப்பாவின் பழைய சவர பிளேடைப் பாதியாக உடைத்து, ஐஸ் குச்சியைப் பிளந்து நடுவில் செருகி, நூல் சுற்றிக் கத்தி செய்தான். அந்தக் கத்தி பிற்பாடு எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் பசையின் வாடை, பழுத்த வாழைப்பழத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்து வைத்தது போல, மூன்று நாள் வீட்டில் நின்றது. அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தாள். சாம்பிராணிதான் தோற்றது.

முதல் வேகனை முடித்து, தோணிக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட் பூசி, ஜன்னல் கட்டையில் வைத்தான். பளபளவென்று இருந்தது. நான் கைதட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இது கடையில இருக்க சாமான்ளா. நம்ம ஊருக்கு வார வேகன் இப்பிடியா இருக்கு?"

"பெறகு எப்பிடி இருக்கு?"

"அதான் எனக்கும் தெரியல. சின்னதுல பாத்தது. நீ போய் பாத்துட்டு வா."

அப்படித்தான் நான் அவனுடைய கண்ணானேன். பள்ளிக்கூடம் விட்டதும் உடைமரப் புதர் வழியாகப் போனால் உப்பு ஏற்றுகிற சைடிங், அதாவது கிளைத் தண்டவாளம். கூரை போட்ட வேகன்கள் வரிசையாக நிற்கும். சாக்கு மூட்டை மூட்டையாக உப்பு உள்ளே போகும். நான் ஒரு வேகனைத் தேர்ந்தெடுத்து, சுற்றி வந்து பார்த்து, மனப்பாடம் செய்து, ஓடிவந்து ஒப்பிப்பேன். வக்கீல் தோற்றுப்போவார், அப்படிக் கேள்வி கேட்பான். துரு எங்கே தொடங்குகிறது? கீழேயா, மேலேயா? ஓரத்தில் கறுப்பா, செம்மண் நிறமா? வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது கதவு இடுக்கில் மட்டுமா, பலகை முழுக்கவா?

"கீழ்ப்பலகை முழுக்க தின்னுபோய் இருக்குண்ணே. மேல ஏற ஏறக் கொறையுது."

"ஆங். மூட்டை வேர்த்து தண்ணி அங்கனதான எறங்கும்" என்று கண்ணை மூடிக்கொள்வான். அவன் வேகனைப் பார்த்துவிட்டான் என்று எனக்குத் தெரியும்.

தீப்பெட்டியில் துருச் செதில் கொண்டு வருவேன். அவன் அதை அம்மியில் அல்ல, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கூழாங்கல்லில் நுணுக்குவான். பெயின்ட் காயும் முன் அதன்மேல் தூவி ஊதுவான். விளக்குச் சிம்னியின் கரியை விரலால் தொட்டுக் கூரையில் தடவுவான். உப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பான். மறுநாள் காலையில் கதவு இடுக்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் வெற்றிலை போட்டுத் துப்பிய கறை வேகனில் இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். அசல் வெற்றிலைச் சாறுதான் வேண்டும் என்றான். இரண்டு பேரும் பக்கத்து வீட்டு வெற்றிலையைத் திருடி மென்று, ஈர்க்குச்சியில் தொட்டுப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். சிவந்த வாயோடு நாங்கள் இளித்த இளிப்பில் அவளுக்குத் திட்டவும் வரவில்லை. அவன் அன்று சிரித்து மூச்சு வாங்கி, அரைமணி நேரம் படுக்கவேண்டியதாகிவிட்டது.

மூன்று வேகன் இப்படி ஆயிற்று. மாமா அடுத்த தடவை வந்தபோது இன்னும் ஐந்து பெட்டி கொண்டு வந்தார். அண்ணனுக்கு ஒரு முழு உப்பு வண்டி செய்யவேண்டும் என்று வெறி. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து வால்வைச் சரிசெய்வார்கள், மழைக்காலம் முடிவதற்குள் நாள் சொல்லுவார்கள் என்றிருந்தது. அதற்குள் எட்டையும் முடித்துவிடவேண்டும் என்று அவனாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டான்.

நாலாவது வேகனுக்குத்தான் கேடு வந்தது. சைடிங்கில் ஒரு வாட்ச்மேன் உண்டு, காக்கிச்சட்டை. நான் துரு சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, உப்புத் திருடி என்று காதைப் பிடித்துத் திருகிவிட்டான்.

"எந்தத் தெருளா நீ? ஒங்க அப்பன் யாரு? இன்னொரு மட்டம் இங்கன பாத்தேன், போலீசுதான்."

காது மூன்று நாள் வலித்தது. அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். போகாதே என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் அவன் வேலை நின்றுபோகுமே என்று தோன்றியது. அதைவிட, அவன் என்னைவிட்டு வேறு யாரையாவது அனுப்பிவிடுவானோ என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் உண்மை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் புத்தகப்பையோடு மாதா சிலை இருக்கும் குகையான கெபியின் படியில் உட்கார்ந்து, கூட்டாளிகளோடு தட்டாங்கல் ஆடினேன். உங்களில் இரண்டு பேர் அந்த ஆட்டத்தில் இருந்தீர்கள். நேரம் சரியாக ஆனதும் மூச்சிரைக்க ஓடுவது போல் வீட்டுக்குள் ஓடி, புளுகினேன்.

"கூரையிலேருந்து கீழ எறங்குதுண்ணே துரு. பட்டை பட்டையா. அழுத மாதிரி."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அழுத மாதிரியா?" என்றான். பிறகு தூரிகையை எடுத்தான்.

ஐந்தாவது வேகனுக்கு ஒரு மூலையில் நீலம் என்றேன். ஆறாவதில் ஓட்டைக்குள் குருவிக்கூடு, வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். அவன் துடைப்பத்திலிருந்து பூவிழை எடுத்து ஒட்டினான். ஏழாவதற்கு எனக்குக் கற்பனையே வறண்டுவிட்டது. கதவில் யாரோ சாக்பீஸால் மாதா படம் வரைந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ஊசி முனையால் அரிசி அளவுக்கு ஒரு மாதாவை வரைந்தான். கையில் குழந்தை கூட இருந்தது. எட்டாவதற்கு என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

மதுரைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எட்டையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்துவிட்டு அண்ணன் சொன்னான்:

"ஆபரேசன் முடிஞ்சு வந்த ஒடனே நம்ம ரெண்டுவேரும் சைடிங்குக்கு நடந்து போவோம்ளா. ஒவ்வொண்ணா கையில பிடிச்சு அசலோட வச்சுப் பாக்கணும்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனை நினைத்தல்ல. அவன் பிழைத்து வரவேண்டும் என்று அன்றிரவு செபமாலையில் எல்லோரோடும் சேர்ந்து வேண்டினேன், சைடிங்குக்கு மட்டும் போகக்கூடாது என்று தனியாகவும் வேண்டினேன்.

அப்பாவும் அவனும் மதுரைக்குப் போன மூன்றாம் நாள் அம்மா நேர்ச்சை முடிவு செய்தாள். எங்கள் ஆட்களுடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். கண்ணுக்கு வெள்ளிக் கண், காலுக்கு வெள்ளிக் கால், கடலில் போனவனுக்கு வெள்ளித் தோணி. இருதயத்துக்கு வெள்ளி இருதயம் செய்யலாம். அம்மாவுக்கு அது போதவில்லை. பிள்ளைக்கு எது உயிரோ அதைக் கொடுத்தால்தான் மாதா பிள்ளையின் உயிரைக் கொடுப்பாள் என்று நினைத்தாள். எட்டு வேகனையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து துவைக்கிற கல்லில் வைத்தாள்.

"நல்லா செஞ்ச சாமானுக்கு மேல ஏன்தான் இப்பிடி அழுக்கப் போட்டு வச்சிருக்கானோ? கரியும் மண்ணும். இத மாதாவுக்கு எப்பிடிக் குடுக்க? ஏளா, இது அழுக்குதான?"

இங்கேதான் நான் நிற்கிறேன். ஐம்பது வருடமாக இங்கேயேதான் நிற்கிறேன். அந்த அழுக்குதான் அவன் வேலை என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அழுக்கு போய்விட்டால் என் புளுகும் போய்விடும். அசலோடு வைத்துப் பார்க்க எதுவும் இருக்காது.

"அழுக்குதாம்மா" என்றேன். தேங்காய் நாரை நானே எடுத்து வந்தேன்.

மண்ணெண்ணெயில் முக்கி, சோப்புப் போட்டு, அம்மா நாலு, நான் நாலு. கல்லிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடி வாழைமரத்தடியில் தேங்கியது. அம்மா செபம் சொல்லிக்கொண்டே தேய்த்தாள். ஏழாவது வேகன் என் கையில்தான் வந்தது. கதவிலிருந்த வெள்ளையை அம்மா சுண்ணாம்புக் கறை என்று நினைத்திருப்பாள். எனக்கு அது மாதா, குழந்தையோடு. கட்டைவிரலால் தேய்த்தேன். ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

பிறகு அப்பாவின் மிச்ச டப்பாவிலிருந்து வெள்ளிப் பெயின்ட். வெள்ளி வாங்க வசதியில்லாதவர்களுக்கு மாதா அதையும் வெள்ளியாக ஏற்றுக்கொள்வாள் என்று கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொன்னார். அவரே பீடத்துக்கடியில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வெள்ளித் தோணிகளுக்கு நடுவே எட்டையும் வரிசையாக வைத்தார். பூசைக்கு வந்த பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நெஞ்சைத் திறக்கவில்லை. காலம் கடந்துவிட்டது, இருதயம் ரொம்பப் பெருத்துவிட்டது, கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடும், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா அம்மாவிடம், மாத்திரையிலேயே சரியாகிவிடுமாம் என்று சொன்னார். அம்மா அதை மாதா செய்த புதுமை, அற்புதம் என்று எடுத்துக்கொண்டாள். கத்தி படாமலே என் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னாள். அவளை யாரும் திருத்தவில்லை.

அண்ணன் வந்ததும் ஜன்னல் கட்டையைத்தான் பார்த்தான்.

"வேகன் எங்கம்மா?"

"மாதாகிட்ட இருக்குய்யா. ஒனக்காக நேந்து குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம வந்து பாரு, எப்பிடி ஜொலிக்கி தெரியுமா!"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, கூட்டம் கலைந்ததும், அப்பாவும் மாமாவும் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இறக்கினார்கள். எட்டும் கண்ணைப் பறித்தன. அண்ணன் முதலில் ஒன்றும் புரியாதவனாகப் பார்த்தான். வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுகிறவன் போல வெள்ளித் தோணிகளுக்கு நடுவே பார்த்தான். பிறகு கதவு, ஏணி, கொக்கி என்று அவன் ஒட்டிய துண்டுகளை அடையாளம் கண்டுகொண்டான். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது சட்டைக்கு மேலே தெரிந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"நல்லாருக்காய்யா?" என்றாள் அம்மா.

"நல்லாருக்கும்மா" என்றான்.

அம்மா முழங்காலில் விழுந்து மாதாவைக் கும்பிட்டாள். பக்தியில் பிள்ளை அழுகிறான் என்று நினைத்தாள். சாகும்வரை அப்படியே நினைத்திருந்தாள். விருந்தாளிகளிடம் அந்தக் காட்சியை ஒரு சொல் மாறாமல் சொல்வாள். நான் அப்போதெல்லாம் குசினிக்குள் போய்விடுவேன்.

நாலைந்து நாள் கழித்து, மழை விட்ட ஒரு மத்தியானம், அவன் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். தலையணை மூன்று அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். சைடிங்கில் வேகன்களைத் தள்ளிக் கோக்கிற ஷன்டிங் சத்தம் கேட்டது. அவன் காது கொடுத்துக் கேட்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிவிட்டது.

"அண்ணே, நான் பொய் சொன்னேண்ணே. நாலாவதுலேருந்து நான் போகவே இல்ல. வாட்ச்மேன் அடிச்சான். எல்லாம் நானாச் சொன்னது."

"தெரியும்ளா" என்றான்.

"மதுரையிலேருந்து வரும்போது பாத்தியா?"

"அப்பவும் பாத்தேன். மணியாச்சியில கூட்ஸ் நின்னுச்சு. ஆனா மொதல்லயே தெரியும். மூட்ட கீழதான கெடக்கு? துரு எப்பிடி மேலேருந்து எறங்கும்?"

"பெறகு ஏண்ணே அப்பிடியே அடிச்ச?"

அவன் சிரித்தான். சிரித்தால் இருமல் வரும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். "வேகன் எப்பிடி இருக்கும்னுதான் மூணுலயே தெரிஞ்சுபோச்சே. நீ நாளைக்கு என்னத்தச் சொல்லப் போறன்னு பாக்கத்தான் பெறகு அஞ்சும் செஞ்சேன். எனக்கு அந்த அஞ்சுதான்ளா பிடிக்கும்."

எனக்கு அப்படியே பறக்கிற மாதிரி இருந்தது. திட்டுவான் என்று இரண்டு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தவள் நான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், கை சில்லென்று இருந்தது. ஷன்டிங் சத்தம் தூரப் போய்விட்டது. அவன் ஜன்னல் கட்டையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, பள்ளிக்கூடம் விட்டாச்சா என்று கேட்பது போலக் கேட்டான்:

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பாவம். அவ தேய்க்கும்போது நீ வீட்லதானளா இருந்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

அதன்பிறகு அண்ணன் இருபது நாளோ என்னவோ இருந்தான். தெருவில் நட்சத்திரம் கட்டத் தொடங்கிய வாரம் போய்விட்டான். அந்த நாட்களில் என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினான். தண்ணீர் கேட்டான், வீட்டுப்பாடம் கேட்டான், பின்னலை இழுத்து வம்பு கூடப் பண்ணினான். மாமா புதிதாகக் கொண்டுவந்த பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடந்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து அவன் எதிரில் நின்றேன். எங்கேயாவது போய் எதையாவது பார்த்துவிட்டு வா என்று மட்டும் அவன் அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் அனுப்பவில்லை.